அத்தி எங்கே பூக்கிறது? மரமும் குளவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்றங்கரை அத்தி மரத்தடியில் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்களோடு வரும் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசுவது எனக்குப் பல வருட வழக்கம். ஒரு காயைப் பிட்டுக் காட்டியதும் கேள்விகள் தொடங்கிவிடும். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அத்தி உண்மையில் பூக்குமா?

பூக்கும். வருடத்தில் பலமுறை பூக்கும். நாம்தான் பார்ப்பதில்லை.

அத்திக்காய் என்று நாம் பறிப்பது ஒரு பூங்கொத்து. பையை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்புவது போல, ஒரு பூங்கொத்தை உள்நோக்கிச் சுருட்டி வாயைக் கட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அத்தி. பிஞ்சுக்காய் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்சுவர் முழுக்க நெருக்கி அடித்துக்கொண்டு இருக்கிற நார் போன்றவை எல்லாம் பூக்கள். ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சில இனங்களில் ஆயிரத்தையும் தாண்டும்.

நம் முன்னோர் இதைக் கவனிக்காமல் இல்லை. பூ கண்ணில் படாமலே காய்க்கிற ஆல், அத்தி போன்ற மரங்களுக்குப் பழந்தமிழில் ‘கோளி’ என்று தனிச்சொல்லே இருந்தது. அத்திக்குச் சங்கப் பாட்டுகளில் அதவம் என்று பெயர். எப்போதாவது வீட்டுக்கு வருகிறவரைப் பார்த்து ‘அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்களே’ என்று இன்றும் கேட்கிறோம். அத்தி பூத்துக்கொண்டேதான் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு.

சாத்திய கதவுக்குள் மகரந்தம் எப்படிப் போகிறது?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

காயின் நுனியில் ஒரு சின்னக் கண் தெரியும். செதில் செதிலாக ஒன்றன்மேல் ஒன்று மடிந்து அடைத்திருக்கும் வாசல் அது. உள்ளே பெண்பூக்கள் தயாரானதும் மரம் ஒரு வாசனையை வெளியே விடும். நமக்கு அது பெரும்பாலும் தெரியாது. எள்ளைவிடச் சிறிய ஒரு குளவிக்குத் தெரியும். நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். கொசு என்று நினைத்துத் தட்டிவிடுகிற அளவுதான். ஆற்றங்கரை அத்திக்கு வருகிற குளவிக்கு அறிவியல் பெயர் செரட்டோசோலென் ஃபஸ்கிசெப்ஸ்.

வருவது பெண் குளவி. வேறொரு அத்தி மரத்தில் பிறந்து, மார்பின் அடியில் இருக்கும் இரண்டு சின்னப் பைகளில் அந்த மரத்தின் மகரந்தத்தை நிரப்பிக்கொண்டு வந்திருக்கும். வாசல் இடுக்கில் தலையைக் கொடுத்து முண்டி நுழையும். தட்டையான தலையும் பின்னோக்கிய பற்களும் அதற்கென்றே அமைந்தவை. நுழையும்போது இறக்கைகள் ஒடிந்துவிடும், உணர்கொம்புகளும் பெரும்பாலும் முறிந்துவிடும். இனி வெளியே பறக்க முடியாது.

உள்ளே இருட்டில் பூப்பூவாக நடந்து, விதை உண்டாகும் சூலகத்துக்கு மேல் காம்புபோல நீண்டிருக்கும் சூல்தண்டு வழியாக முட்டைக் குழாயை இறக்கி, ஒரு சூலகத்துக்கு ஒரு முட்டை வைக்கும். முட்டை வைத்துக்கொண்டே பையிலிருந்து மகரந்தத்தை எடுத்துச் சூல்தண்டின் நுனியான சூல்முடிகளில் தடவும். உடம்பில் ஒட்டியது தானாக உதிர்வதைச் சொல்லவில்லை. முன்கால்களால் எடுத்துப் பூசுகிற வேலை இது. வேலை முடிந்ததும் அங்கேயே செத்துப்போகும்.

முட்டை விழுந்த பூ சின்ன முண்டாக வீங்கும், அதற்குள் ஒரு புழு வளரும். மகரந்தம் மட்டும் கிடைத்த பூ விதையாகும். ஒரே காய்க்குள் தொட்டிலும் நாற்றங்காலும் பக்கத்தில் பக்கத்தில்.

ஆண் குளவி எங்கே?

அது வெளிச்சத்தையே பார்ப்பதில்லை.

சில வாரங்கள் கழித்து ஆண் குளவிகள் முதலில் முண்டிலிருந்து காய்க்குள் வெளிவரும். இறக்கை கிடையாது. பார்வையும் ஏறக்குறைய இல்லை. பெண் குளவிகள் இன்னும் முண்டுக்குள் இருக்கும்போதே ஓட்டையிட்டுக் கூடிவிட்டு, பிறகு காயின் சுவரைக் குடைந்து சுரங்கம் போடும். போட்டு முடித்ததும் செத்துவிடும். அந்தச் சுரங்கம் வழியாகப் போகப்போவது அவற்றின் துணைகள் மட்டுமே.

இதே சமயத்தில்தான் காய்க்குள் ஆண்பூக்கள் முதிர்ந்து மகரந்தம் தரும். பெண்பூக்கள் தயாரான நாளுக்கும் இதற்கும் வாரக்கணக்கில் இடைவெளி. அந்த இடைவெளி புழு வளர்கிற காலத்தோடு அப்படியே பொருந்தும். புதிய பெண் குளவிகள் மகரந்தத்தைப் பைகளில் நிரப்பிக்கொண்டு சுரங்கம் வழியாக வெளியேறும். அவற்றுக்கு வாழ்நாள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் வாசனை விடுகிற வேறொரு மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆண் முட்டைகளின் எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தாய் மட்டும் நுழைந்த காயில் ஆண்கள் கொஞ்சம்தான் இருக்கும், ஏனென்றால் சில ஆண்களே எல்லாப் பெண்களுக்கும் போதும். பல தாய்கள் நுழைந்த காயில் ஆண்கள் கூடுதல். தாய்க்கு அடுத்தவள் வந்திருப்பது தெரிந்து கணக்கை மாற்றுகிறாள். உயிரியலாளர்கள் இதை அளந்து காட்டியபோது நான் படித்து வியந்தது இன்னும் நினைவிருக்கிறது.

குளவி பேராசைப்பட்டு எல்லாப் பூவிலும் முட்டை வைத்துவிட்டால்?

மிக நல்ல கேள்வி. ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள், அன்றைக்கு எனக்கு முழுப் பதில் தெரியவில்லை.

சூல்தண்டுகளின் நீளம் ஒன்றுபோல இருப்பதில்லை. குட்டையானவற்றில் முட்டைக் குழாய் எளிதாக இறங்கும். நீளமானவற்றில் சிரமம். அத்தோடு காயின் வெளிச்சுவரை ஒட்டி இருக்கும் பூக்களில் முட்டை வைப்பது குளவிக்கு ஆபத்து, ஏனென்றால் வெளியிலிருந்து துளைத்து அந்தக் குஞ்சுகளைக் கொல்லும் எதிரிகள் உண்டு. ஆகவே தாய்க்குளவி உள்பக்கப் பூக்களைத்தான் நாடுகிறது, சுவர்ப்பக்கம் இருப்பவை விதையாகத் தப்புகின்றன. எதிரியின் தொல்லையே மரத்துக்கு விதை தருகிறது.

முட்டை வைத்துவிட்டு மகரந்தம் தடவாமல் ஏமாற்றினால்? மரம் தண்டிக்கும். பனாமாவில் உள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிலையத்தில் இதைச் சோதித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். மகரந்தம் இல்லாத குளவிகளைக் காய்களுக்குள் விட்டுப் பார்த்தார்கள். குளவி தானே எடுத்துப் பூசுகிற வகை அத்தி இனங்களில், மகரந்தம் படாத காய்களை மரம் உதிர்த்தது. உதிராதவற்றிலும் குஞ்சுகள் குறைந்தன. காய் உதிர்ந்தால் உள்ளே இருக்கும் புழுக்கள் அத்தனையும் போச்சு.

வேறு பூச்சிகளும் அத்திக்காயைச் சுற்றுகின்றனவே?

அவற்றில் பல இந்த ஏற்பாட்டில் திருடர்கள். மகரந்தம் சுமக்காது, வாசல் வழியாகவும் வராது. காய்க்கு வெளியே நின்றுகொண்டு நீண்ட முட்டைக் குழாயால் சுவரைத் துளைத்து முட்டை வைக்கும். சில மரத்தின் பூவைத் தின்னும், சில உள்ளே வளரும் மற்றப் புழுக்களையே தின்னும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அப்போக்ரிப்டா என்ற குளவியை ஆராய்ந்தவர்கள், தலைமுடியைவிட மெல்லிய அதன் முட்டைக் குழாயின் நுனியில் துத்தநாகம் இருப்பதை 2014இல் எழுதினார்கள். கடினமான பச்சைக்காயைத் துளைக்கத் துரப்பண முனைபோல அது கெட்டிப்பட்டிருக்கிறது.

முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும் அத்தியில் இந்தத் திருடர்களின் தொல்லை குறையும். காயின்மேல் நின்று வேலைபார்க்கிற பூச்சியை எறும்பு பிடித்துவிடும். மரத்தின் குளவியோ சட்டென்று உள்ளே போய்விடுகிறது.

அப்படியானால் அத்திப்பழம் அசைவமா?

எல்லாக் கூட்டத்திலும் யாராவது கேட்டுவிடுவார்கள். மழுப்பாமல் சொல்கிறேன்.

நாட்டு அத்தி நன்றாகப் பழுத்தால் அதற்குள் பூச்சி இருக்கும். செத்த ஆண் குளவிகள், வெளியேற முடியாத சில பெண்கள், சுரங்கம் வழியாகப் புகுந்த எறும்புகள் எல்லாம் இருக்கலாம். ‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்ற பழமொழி பொய்யில்லை. சமண மரபு ஆல், அரசு, அத்தி முதலான ஐந்து மரங்களின் பழங்களை உண்ணக் கூடாது என்று விலக்கியதற்கும் இதுதான் காரணம். உள்ளே உயிர்கள் இருப்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். பொரியலுக்கும் கூட்டுக்கும் அத்திக்காயைப் பிஞ்சிலேயே பறித்து, நறுக்கி மோரில் போட்டு வைப்பது நம் வீடுகளின் வழக்கம்.

கடையில் விற்கிற சீமை அத்தி வேறு இனம். நம் நாட்டுத் தோட்டங்களில் வளர்க்கும் சீமை அத்தி பெரும்பாலும் மகரந்தம் இல்லாமலே பழுக்கிற வகை, அதற்குக் குளவி தேவையில்லை. துருக்கியிலிருந்து வரும் உலர் அத்தி குளவி நுழைந்து பழுத்ததாக இருக்கலாம். அதிலும் கடிக்கும்போது நறநறப்பது விதைதான். உண்பதும் விடுவதும் உங்கள் மனத்தைப் பொறுத்தது. யாரையும் நான் வற்புறுத்துவதில்லை.

துருக்கி அத்திக்கு மட்டும் ஏன் குளவி வேண்டும்?

சீமை அத்தியில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. குளவி வளர்வது ஆண் மரத்துக் காய்களில். பெண் மரத்துக் காயிலோ எல்லாச் சூல்தண்டும் நீளம், முட்டை இறங்காது. வாசனையில் ஏமாந்து உள்ளே நுழைகிற குளவி மகரந்தத்தைத் தடவிவிட்டு, ஒரு குஞ்சும் இல்லாமல் சாகிறது. நம் ஊர்ப் பேயத்தியிலும் இதே ஏற்பாடுதான். இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இது தெரியாமல் கலிஃபோர்னியாவில் விவசாயிகள் பல வருடம் கஷ்டப்பட்டார்கள். துருக்கியின் ஸ்மிர்னா வட்டாரத்து அத்தி உயர்ந்த ரகம் என்று 1880களில் கன்றுகளைக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் செழித்தது, பிஞ்சு விட்டது, பழுக்காமல் எல்லாம் கொட்டியது. ஆண் மரத்துக் காய்களைப் பெண் மரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் மத்தியதரைக்கடல் நாடுகளில் மிகப் பழையது. கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் அதை எழுதியிருக்கிறார். அதைக் குடியானவர்களின் மூடப்பழக்கம் என்று நினைத்தவர்கள் அமெரிக்காவில் உண்டு. கடைசியில் ஆண் மரங்களோடு குளவியையும் வரவழைத்து, 1899இல் அது அங்கே நிலைபெற்ற பிறகுதான் அந்த அத்தி பழுத்தது.

ஆல், அரசு, இத்தி எல்லாவற்றுக்கும் ஒரே குளவியா?

இல்லை. ஆலுக்கு யூப்ரிஸ்டினா மசோனி. அரசுக்கு வேறொன்று. சித்த மருத்துவம் நால்பாமரம் என்று சேர்த்துச் சொல்கிற ஆல், அரசு, அத்தி, இத்தி நான்கும் ஒரே பேரினம். உலகில் அந்தப் பேரினத்தில் 750க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலும் ஒரு மரத்துக்கு ஒரு குளவி என்ற உறவு. விதிவிலக்கும் உண்டு: சில மரங்களுக்கு இரண்டு மூன்று குளவிகள் வருகின்றன.

ஒற்றை மரம் தனியாக நின்றால் குளவி வந்து சேருமா?

வரும். தானாகப் பறந்தால் அதிக தூரம் போகாது, காற்றில் ஏறிக்கொண்டால் போகும். நமீபியாவின் பாலைவன ஆற்றோரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் அத்தி மரங்களின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, குளவிகள் 160 கிலோமீட்டர் தொலைவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோயிருந்தது தெரிந்தது. 2009இல் வந்த ஆய்வு இது. இரண்டு நாளுக்குமேல் வாழாத உயிர்!

இந்தோனேசியாவில் கிரக்கத்தோவா 1883இல் வெடித்துத் தீவுகள் சாம்பலானபோது அங்கே உயிர் எதுவும் மிஞ்சவில்லை என்றே சொல்லலாம். பக்கத்துப் பெருந்தீவுகள் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. வௌவாலும் பறவையும் விதையைக் கொண்டுவந்தன, காற்று குளவியைக் கொண்டுவந்தது. மறுபடி எழுந்த காட்டில் முன்னால் வந்த மரங்களில் அத்தி இனங்களும் உண்டு.

பறவைகளுக்கு இதில் என்ன பங்கு?

குளவி விதையை உண்டாக்குகிறது, பறவை அதை நடுகிறது. இரண்டு கூட்டாளிகள், ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவர்கள்.

குளவிக்கு வாழ்நாள் ஒன்றிரண்டு நாள்தான் என்பதால், எந்த மாதமானாலும் எங்காவது ஒரு மரம் பூத்துக்கொண்டிருந்தால்தான் அந்த இனம் பிழைக்கும். அதனால் ஒவ்வோர் அத்தி இனத்திலும் மரங்கள் முறைபோட்டதுபோல ஆண்டு முழுவதும் மாறி மாறிக் காய்க்கின்றன. காட்டில் வேறு பழம் இல்லாத மாதங்களிலும் அத்தி இருக்கும். ஆனைமலையில் இருவாச்சியும் சிங்கவால் குரங்கும் வறண்ட காலத்தில் எதை நம்பி இருக்கின்றன என்று கேட்டால், பதிலில் அத்தி வகைகள் கட்டாயம் வரும். உலகம் முழுவதும் எண்ணிப் பார்த்ததில் அத்தி இனப் பழங்களை உண்ணும் பறவைகளும் பாலூட்டிகளும் 1,200 வகைக்கு மேல். குக்குறுவான், பச்சைப்புறா, மைனா, குயில், பழந்தின்னி வௌவால் என்று நம் தெரு ஆலமரத்திலேயே பாதிப் பட்டியலைப் பார்க்கலாம்.

பனைமரத்தைத் தழுவி வளர்ந்த ஆலை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். மட்டை இடுக்கில் ஒரு பறவை எச்சமிட்ட இடத்தில் தொடங்கியது அது. கோபுர இடுக்கில் முளைக்கும் அரசுக்கும் அதே கதை.

எவ்வளவு காலமாக இந்த உறவு?

மரங்களின் மரபணுவையும் குளவிகளின் மரபணுவையும் பக்கம் பக்கமாக வைத்துக் கணக்கிட்டவர்கள் சுமார் 7.5 கோடி ஆண்டு என்கிறார்கள். டைனோசர்கள் இருந்த காலம். இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த 3 கோடியே 40 லட்சம் ஆண்டுப் பழைய குளவிப் புதைபடிவம் இன்றைய அத்திக் குளவியைப் போலவே இருக்கிறது, மகரந்தப் பை உள்பட.

இதை நட்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

நான் சொல்வதில்லை. பாடப்புத்தகம் ‘இரண்டும் நன்மை பெறும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. அந்த வரி சரிதான். ஆனால் மரம் குளவிக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, குளவியும் மரத்துக்காகச் சாகவில்லை. மரம் தன் விதைக்காகச் சில பூக்களைக் கூலியாகத் தருகிறது. குளவி தன் குஞ்சுக்காக மகரந்தம் பூசுகிறது. நடுவில் ஏமாற்று, தண்டனை, திருட்டு, காவல் எல்லாம் இருக்கிறது. இத்தனை இழுபறிக்கு நடுவிலும் கோடிக்கணக்கான வருடம் அறுபடாமல் வந்திருக்கிறதே, அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அவர்களுக்கு அது நன்றாகவே புரிகிறது.

இதுபோல வேறு கூட்டுகள் நம் பக்கத்தில் உண்டா?

நிறைய. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தருகிற நுண்ணுயிர்கள் அதில் குடியிருக்கின்றன, செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. மழைக்குப் பின் கறையான் புற்றில் எழும் புற்றுக்காளான், கறையான்கள் உள்ளே வளர்க்கிற பூஞ்சையின் பூ போன்றது. ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத வேண்டும்.

குளவி அழிந்தால் என்ன ஆகும்?

போர்னியோவில் நடந்திருக்கிறது. 1998இல் எல் நினோ வறட்சியில் சரவாக் மாநிலத்தின் லம்பீர் மலைக் காட்டில் ஆண், பெண் தனித்தனி மரமாக இருக்கும் அத்தி இனங்கள் காய்ப்பை நிறுத்தின. காய் இல்லாமல் குளவி மறைந்தது. மழை வந்து மரம் மறுபடி பூத்தபோது மகரந்தம் கொண்டுவர ஆளில்லை. மாதக்கணக்கில் அப்படியே நின்றது. வெப்பம் சில டிகிரி கூடினாலே குளவிகளின் குறுகிய ஆயுள் இன்னும் குறைவதைச் சிங்கப்பூரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கவலை தருகிற செய்தி இது.

நாங்கள் என்ன செய்யலாம்?

சாலையை அகலப்படுத்தும்போது முதலில் விழுவது பழைய ஆலும் அரசும் அத்தியும். ஒரு மரம் போனால் ஆண்டு முழுவதும் சுற்றிவரும் அந்த முறையில் ஒரு மாதம் காலியாகலாம். ஊரில் இருப்பவற்றைக் காப்பாற்றுங்கள், அதுதான் முதல் வேலை. புதிதாக நடுவதானால் ஆலுக்குப் போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். ஓடைக்கரை, குளக்கரை என்றால் அத்தி. ஒரே இடத்தில் ஒன்றோடு நிறுத்தாமல் ஊரைச் சுற்றிப் பலவாக நடுங்கள். காய்ப்பு நேரத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

நேரில் பார்க்க எப்போது வரலாம்?

எந்த மாதமும் வரலாம். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் அத்தியில் ஏற வேண்டியதில்லை. சிவக்கத் தொடங்கும் முன் கொஞ்சம் இளகிய காய் ஒன்றைப் பறித்து, கண்ணாடிக் குப்பியில் போட்டு வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். சரியான பருவமாக இருந்தால், ஓரிரு நாளில் பெண் குளவிகள் வந்துவிடும். கொட்டாது, பயம் வேண்டாம். பார்த்ததும் மரத்தடியில் திறந்து விட்டுவிடுங்கள், அவற்றுக்கு நேரம் இல்லை. பிறகு பச்சைக்காய் ஒன்றின் கண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். குளவி நுழைந்த காயானால், செதிலுக்கு இடையில் ஒடிந்த இறக்கை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.